ஆம்பூரில் இல்லாத சுரங்கம்

மகளுக்கு மாற்றுத்துணியும் ஒரு போர்வையும் எடுத்துப் போகத்தான் சுஹேல் அகமது அன்று பிற்பகல் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தான். தெருவில் கரண்ட் இல்லை. வாசலில் விசிறியோடு உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் சின்னவள் சைராவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். காய்ச்சல் இறங்கவில்லை, காரணம் டாக்டர்களுக்கும் பிடிபடவில்லை என்று சொல்லிவிட்டுப் பூட்டைத் திறந்தான்.

உள்ளே காலை வைத்ததும் பழைய தோல் வாடை அடித்தது. அவன் தகப்பனார் காலத்தில் மாடி முழுக்கத் தோல் மண்டி. மண்டியை எடுத்து எத்தனையோ வருஷமாகியும் மழைக்காலத்தில் சுவர் அந்த வாடையைக் கக்கும். அது பழகிப்போனதுதான். ஆனால் அதற்குள் இன்னொரு வாடையும் இருந்தது. காய்ச்சலில் கிடப்பவர் நெற்றியில் போட்டு எடுத்த ஈரத்துணியின் வாடை.

மாடியில் ரயில் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்குப் பின்னாலேயே ரயில் பாதை போகிறது, அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். இது அதுவல்ல. சின்னச் சக்கரங்கள் சின்னத் தண்டவாளத்தின் இணைப்புகளில் தட்டுகிற ஓசை. கரண்ட் இல்லாத வீட்டில் அது ஓட வழியே இல்லை.

சுஹேல் ஒரு ஃபேக்டரியில் தோலுக்கு நிறம் கூட்டுகிறவன். வெளிநாட்டிலிருந்து வரும் சாம்பிள் துண்டைப் பார்த்து அதே நிறத்தைக் கலந்து கொடுப்பது வேலை. வேலை போக மிச்ச நேரமெல்லாம் மாடியில் ஒரு பெரிய மேஜை மேல் ஆம்பூரைக் கட்டினான். ஸ்டேஷன், ரயில்வே கேட், மினார், பிரியாணிக் கடை, எல்லாம் உண்டு. தோலைத் தேய்க்கும்போது உதிரும் தூளைச் சலித்து மண்ணாகத் தூவினான். நம் ஊர்ச் செம்மண்ணுக்கு அதைவிடப் பொருத்தமான பொடி எந்தக் கடையிலும் கிடைக்காது. மூத்தவள் இரம் கூடவே உட்கார்ந்து பொம்மை மனிதர்களுக்குச் சட்டையும் பாவாடையும் தீட்டுவாள். கோட்டுக்குள் நிற்கிற கை இல்லை அவளுக்கு. நோட்டில் படம் போட்டாலும் இடது கண் மட்டும் எப்போதும் பெரிதாக விழுந்துவிடும். சைரா அக்காவை ஆபா, ஆபா என்று சுற்றி வருவாள்.

இந்த மாடல் ரயில் பைத்தியம் பிடித்தவர்கள் எல்லாரும் செய்கிற ஒரு காரியத்தை அவனும் செய்தான். மேஜை முடிகிற இடத்தில் வண்டி வளைந்து திரும்பியாக வேண்டும். அந்த வளைவை மறைக்க ஒரு மலையை எழுப்பிச் சுரங்கம் வைத்தான். ஆம்பூர் ஸ்டேஷனுக்கு ஏது சுரங்கம்? இதே கிறுக்குப் பிடித்த நண்பன் கோதண்டராமன் பார்த்துவிட்டுச் சிரித்தான். ஊரில் இல்லாத இடத்தை வைக்கிறாயே, அங்கே யார் குடியிருப்பார்கள் என்று கேட்டான்.

மனைவி ஹுமேரா போட்ட நிபந்தனை ஒன்றுதான். ஊரை வைத்துக்கொள்ளுங்கள், பொம்மைக்கு முகம் வேண்டாம், முகமுள்ள உருவம் இருக்கிற வீட்டுக்கு வானவர்களான மலக்குகள் வரமாட்டார்கள் என்றாள். அவனும் மீறவில்லை. கட்டைவிரல் நகத்தளவே இருந்த அந்த ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் முகமில்லாதவர்கள். அவன், ஹுமேரா, இரம், சைரா, நாலு பேரும் பிளாட்பாரத்தில் அப்படித்தான் நின்றார்கள்.

போன வருஷம் இரம் காய்ச்சலில் இறந்துபோனாள்.

அதைவிட, அவள் முகம் மனசில் மங்கிக்கொண்டே வந்ததுதான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது. செல்போனில் படங்கள் இருந்தன. அவற்றில் அவள் போனைப் பார்த்துத்தான் சிரித்தாள், அவனைப் பார்த்து அல்ல. போன மாதம் ஹுமேராவுக்குத் தெரியாமல் மிக மெல்லிய தூரிகையை எடுத்து இரமின் பொம்மைக்கு முகம் தீட்டினான். சாம்பிள் எதுவும் இல்லாமல் அவன் கலந்த ஒரே நிறம் அவள் கன்னத்தின் நிறம்தான். கடைசியில் கண்ணை வைத்தான்.

கோதண்டராமன் அதைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். "எங்க சாமிக்குக் கடைசியாதான் கண்ணு தொறப்பாங்க பாய்," என்றான் மெதுவாக. "தொறந்துட்டா அது பாக்க ஆரம்பிச்சிடும்."

அந்த வாரமே சைரா படுத்தாள்.

சுஹேல் மாடிக் கதவைத் தள்ளினான். ஜன்னல்கள் சாத்தியிருந்தன. பலகை இடுக்கு வெளிச்சத்தில் வண்டி ஸ்டேஷனைக் கடந்து கேட்டைத் தாண்டி மலைக்குள் புகுந்தது. மறுபக்கம் வெளியே வந்தபோது ஜன்னலோரம் இரம் உட்கார்ந்திருந்தாள். பிளாட்பாரத்தில் காலை ஒட்டி வைத்த பொம்மை அது. ஒட்டிய இடத்தில் பசைத் தடம் மட்டும் இருந்தது.

அதன் பக்கத்தில் இன்னொரு பசைத் தடம்.

வண்டி மறுபடி உள்ளே போய் வெளியே வந்தது. இரமுக்குப் பக்கத்தில் மஞ்சள் கவுன் போட்ட சைரா. முகத்தில் ஒரு கண் இருந்தது.

இடது கண். பெரிதாக.

போன் அடித்தது. ஹுமேராதான். அழுது அழுது குரல் கட்டிப்போயிருந்தது.

"சீக்கிரம் வாங்க. பாப்பா ஒரு மாதிரி பேசுறா. ஆபா வந்திருக்கா, ரயில்ல ஜன்னல் சீட்டு புடிச்சி வெச்சிருக்கா, நான் போறேன்னு சொல்றா."

வண்டி மீண்டும் மலைக்குள் போனது. இம்முறை வெளியே வரவில்லை. சக்கர ஓசையும் நின்றுவிட்டது.

சுஹேல் முட்டி போட்டுச் சுரங்கத்துக்குள் கையை விட்டான். முழங்கை வரை போயிற்று. அவன் கட்டிய மலைக்கு அத்தனை ஆழம் கிடையாது. உள்ளே குளிர்ந்திருந்தது. விரல்களில் ஏதோ பட்டது. பொம்மையின் கை அல்ல. ஒரு குழந்தையின் முழுக் கை, பழைய பழக்கம் மாதிரி அவன் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டது.

"இரம்," என்றான். "தங்கச்சிய உட்டுடும்மா."

சுரங்கத்துக்குள்ளிருந்து குரல் வந்தது.

"இங்க இருட்டா இருக்குப்பா. தனியா இருக்கேன்."

எந்தத் தகப்பனால் இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியும்? ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவன், இன்னொன்றும் கையை விட்டுப் போகிற நேரம். யோசிக்க அவனிடம் எதுவும் மிச்சமில்லை.

"நான் வர்றேன்," என்றான். "உன்கூட நான் வந்து இருக்கேன். அவள உடு."

பிடி தளர்ந்தது.

அவன் இரண்டு கைகளாலும் மலையைப் பிய்த்தான். பிளாஸ்டரும் தெர்மோகோலும் தோல் துண்டுகளும் சிதறின. நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. உள்ளே வண்டி காலியாக நின்றது. தண்டவாளத்தின் மேல் மஞ்சள் கவுன் பொம்மை மட்டும் கிடந்தது. அதற்குள் அதன் முகத்தில் இரண்டாவது கண்ணும் பாதி வந்திருந்தது. தின்னரில் துணியை நனைத்து இரண்டையும் துடைத்தான். துடைத்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. பாப்பாவுக்கு உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டுகிறது, தண்ணீர் கேட்கிறாள் என்றாள் ஹுமேரா.

இரமின் பொம்மை எங்கே தேடியும் கிடைக்கவில்லை.

சைரா வீடு திரும்புவதற்குள் மாடி காலியாகிவிட்டது. மேஜையையும் தண்டவாளத்தையும் கோதண்டராமன் வண்டி வைத்து எடுத்துப் போனான். பொம்மைகளை ஒன்று விடாமல் சுஹேல் தன் கையாலேயே எரித்தான். எரிகிறபோது எண்ணிப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை. ஹுமேராவிடம் எதையும் சொல்லவுமில்லை. சைரா சாப்பிட்டாள், சிரித்தாள், பள்ளிக்கூடத்துக்கும் போக ஆரம்பித்தாள். அவளைப் பார்க்கப் பார்க்க அவன் நெஞ்சு நிறைந்தது. இதற்கு என்ன கொடுத்தாலும் தகும் என்று நினைத்துக்கொண்டான்.

ஒரு சாயங்காலம் மக்ரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடித்த நேரம், சைரா காலி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். வந்து அவன் மடியில் ஏறிக்கொண்டு மூடியிருந்த கையை விரித்தாள். உள்ளங்கையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பொம்மை. பிளாட்பாரத்தில் நின்ற சுஹேல். ஹுமேராவின் நிபந்தனைப்படி அவன் முகமே வைக்காமல் விட்ட பொம்மை.

அதில் இடது கண் பெரிதாகத் தீட்டியிருந்தது. பெயிண்ட் இன்னும் காயவில்லை. சைராவின் உள்ளங்கையில் ஒட்டியிருந்தது.

"ஆபா குடுத்தா," என்றாள் சைரா. "இன்னொரு கண்ணு அப்புறமா வெக்கிறாளாம். உங்கள ரெடியா இருக்கச் சொன்னா."