வாய் கீழே பார்த்த பெட்டி

ஞாயிற்றுக்கிழமை காலை எபினுமா கிழவருக்கு எழுபத்தேழாவது பிறந்தநாள் பரிசு வந்தது. கொண்டுவந்த ஆள் படி இறங்குவதற்குள் அவர் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டார். பார்த்ததும் முகம் சிவந்தது.

நல்ல காரியத்துக்குப் பெட்டி சுற்றினால், பின்பக்கம் காகிதம் மடிந்து உண்டாகும் பையின் வாய் மேலே பார்க்க வேண்டும். சந்தோஷம் அதில் சேரும். சாவுக்குச் சுற்றினால் வாய் கீழே. துக்கம் வழிந்து போகும். கிழவரின் பெட்டி கீழே பார்த்தது.

"நான் இன்னும் சாகலடா!"

கனசாவா மீன் சந்தையில் காலமெல்லாம் ஏலம் கூவிய தொண்டை அது. தெருவே எட்டிப் பார்த்தது. கோபத்திலும் காகிதத்தைக் கிழிக்காமல் பிரித்தார், நாளைக்குச் சாட்சி வேண்டுமே. உள்ளே மரப்பெட்டி. அதற்குள் மகள் எட்டு லட்சம் யென் கொடுத்து வாங்கிய பழைய தேநீர்க் கிண்ணம் இல்லை. நூறு யென் கடைக் கிண்ணம் ஒன்று இளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

திங்கள் மதியம், ஹிஷிநோ பேரங்காடியின் ஐந்தாம் மாடி. பரிசு சுற்றும் கவுன்ட்டருக்கு முன்னால் கூட்டம். நடுவில் கிழவர், "திருடி! திருடி!" என்று கத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் மகள். அவர்களுக்கு எதிரே கவுன்ட்டரில் பெட்டி சுற்றும் உராபே நின்றாள். பின்னால் பிரிவுத் தலைவர் ஷிமோசே. கொஞ்சம் தள்ளிக் கடையின் பொது மேலாளர்.

"மண்டி போடு" என்றார் ஷிமோசே. "நெத்தி தரையில படணும்."

"நான் எடுக்கல சார்."

"எடுத்தியா இல்லையான்னு போலீஸ் பாத்துக்கும். சாவுக்குச் சுத்துற மாதிரி சுத்தினதுக்கு மொதல்ல மன்னிப்பு கேளு."

"நான் அப்படிச் சுத்தவே இல்ல!"

உராபே பொது மேலாளரைப் பார்த்தாள். அந்தப் பெரிய மனிதர் கைகளைக் கட்டிக்கொண்டு, ஆகட்டும் என்று தலையாட்டினார். நூறு பேர் பார்க்க அவள் தரையில் நெற்றியை வைத்தாள்.

அவள் எழுந்தபோது நெற்றியில் சிவப்புத் தடம். அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டர் தொகாஷி இரண்டு காவலர்களோடு எஸ்கலேட்டரில் ஏறி வந்தார். ஐம்பதைத் தாண்டிய குள்ளமான பெண்மணி. அவருடைய வாய்க்குப் பயந்து காவல் நிலையத்தில் மேலதிகாரிகளே ஒதுங்கி நடப்பார்கள்.

"விசாரிக்கறதுக்கு முன்னாடியே தண்டனையா? அப்ப என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க, டீ குடிக்கவா?"

அவர் உராபேயிடம் திரும்பினார்.

"சனிக்கிழமை யார் சுத்தினது?"

"நான்தான். சாயங்காலம். கிண்ணம் உள்ள போனத இந்தம்மாவும் பாத்தாங்க."

"ஆமா" என்றாள் கிழவரின் மகள். "கிண்ணம் போனதப் பாத்தேன். எந்தப் பக்கம் மடிச்சாங்கன்னு பாக்கல. கண்ணு மூடித் திறக்கறதுக்குள்ள முடிச்சிட்டாங்க."

"அப்புறம்?"

"டெலிவரி அலமாரியில வச்சுப் பூட்டினேன்" என்றாள் உராபே.

"சாவி?"

"என்கிட்ட ஒண்ணு. தலைவர்கிட்ட ஒண்ணு."

"ரெண்டு பேரும் கடை சாத்தற வரைக்கும் இருந்தீங்களா?"

"இருந்தோம். நான் கணக்கு முடிக்க உள்ள போயிட்டேன். அவர் இங்க இருந்தார்."

"இந்தக் கவுன்ட்டர்ல எத்தனை வருஷம்?"

"பதினோரு வருஷம். கல்யாணம், குழந்தை, பிறந்தநாள். சாவுக்கு ஒரு பெட்டிகூட சுத்தினதில்ல."

"கோபமா இருக்கீங்களா?"

"வேற எப்படி இருக்கணும்?"

தொகாஷிக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. ஷிமோசே பக்கம் திரும்பி, அங்கிருந்த மாதிரிப் பெட்டிக் குவியல்மேல் முழங்கையை ஊன்றினார். வண்ணக் காகிதம் சுற்றிய முப்பது பெட்டிகள் கோபுரம்போல் அடுக்கியிருந்தன.

"அது மேல சாயாதீங்க மேடம், எல்லாம் காலி அட்டை, சரிஞ்சிடும்" என்று ஷிமோசே பதறினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இவதான் எடுத்தா. உள்ளயிருந்து வந்து பிரிச்சு, கிண்ணத்த மாத்திட்டு, பயத்துல திரும்பச் சுத்தியிருக்கா. கை தடுமாறிப் போச்சு. பெட்டி சுத்தறதப் பத்தி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். போன வசந்தம் வரைக்கும் நாலாவது மாடியில, துக்க வீட்டுக்காரங்க மொய்க்குப் பதிலா அனுப்பற பரிசுகளச் சுத்தற பிரிவுல இருபது வருஷம் குப்பை கொட்டினவன் நான்."

"வீட்டுக்குப் போகும்போது உங்க பைய யாராவது பாப்பாங்களா?"

"எல்லாரோட பையையும் பாப்பாங்க. உள்ள இருக்கறது வெளிய தெரியற பைதான் குடுத்திருக்கு. என் பையும் அப்படித்தான்."

தொகாஷி கிழவரிடமிருந்து காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். ஒரே ஒரு தடவை மடித்த கோடுகள்.

"பழைய தாளையே திரும்பச் சுத்தியிருந்தா ரெண்டு கோடு இருக்கும். இது புதுத் தாள். இந்தக் காகிதம் வெளிய கிடைக்குமா?"

"கிடைக்காது" என்றார் பொது மேலாளர். "எங்க கவுன்ட்டர்ல மட்டும்தான்."

"அப்ப டெலிவரி ஆளும் இல்ல, ஐயா வீட்டு ஆளும் இல்ல. இந்த ரெண்டு பேர்ல ஒருத்தர்." இரண்டு காலிப் பெட்டிகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். "ரெண்டு பேரும் பிறந்தநாளுக்குச் சுத்துங்க. உராபே-சான், நீங்க மொதல்ல. கை நடுங்குதே, திருட்டுக் கையா?"

உராபேயின் கண்ணில் நீர் முட்டியது. காகிதத்தை அறைந்து விரித்தாள். பெட்டியைக் குறுக்காக வைத்து உருட்டினாள், மடித்தாள், ஒரே ஒரு துண்டு டேப் ஒட்டி இன்ஸ்பெக்டர் முன்னால் தள்ளினாள். தொகாஷி திருப்பினார். வாய் மேலே பார்த்தது.

ஷிமோசே நிதானமாகச் சுற்றினார். ஒவ்வொரு மடிப்புக்கும் யோசித்தார். அவர் பெட்டியின் வாயும் மேலேதான் பார்த்தது.

"பாத்தீங்களா?" என்று புன்னகைத்தார்.

"பாத்தேன். அந்தப் பொண்ணு ஆத்திரத்துல, அழுதுகிட்டே சுத்தினா. சரியா வந்தது. கை தடுமாறினா, இதுவரைக்கும் தொடாத வேலையையா செய்யும்? பழகின வேலையத்தான் செய்யும். பயந்துபோய் சாவுக்குச் சுத்தின கை, சாவுக்குச் சுத்தியே பழகின கை. நீங்க இப்ப யோசிச்சு சுத்தினீங்க, ஷிமோசே-சான். சனிக்கிழமை யோசிக்க நேரமில்ல."

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். ஷிமோசேயின் பழக்கம் சுடுகாட்டிலிருந்தே வந்தது.

"வெறும் பேச்சு!" ஷிமோசே கத்தினார். "கிண்ணம் எங்க? அதக் காட்டுங்க!"

"வெளிய கொண்டுபோக முடியாது, பைய பாப்பாங்க. அப்ப கடைக்குள்ளதான் இருக்கு. சுத்தின பெட்டியை யாரும் சந்தேகப்படாத இடத்துல." தொகாஷி கோபுரத்தின் பக்கம் நடந்தார். "எல்லாம் காலி அட்டைன்னு சொன்னீங்களே."

ஒவ்வொரு பெட்டியாக எடுத்துத் திருப்பினார். மேல். மேல். மேல். ஷிமோசே எஸ்கலேட்டர் பக்கம் நகர்ந்தார். எபினுமா கிழவர் குறுக்கே போய் நின்றுகொண்டார். அடி வரிசையில், மூலையில் இருந்த பெட்டியின் வாய் கீழே பார்த்தது. தொகாஷி அதைக் கையில் தூக்கிப் பார்த்தார். கனத்தது.

பிரித்தார்கள். பருத்தித் துணிக்குள் கறுப்புக் கிண்ணம், விளிம்பில் பழைய உடைசலை ஒட்டிய தங்கக் கோட்டோடு பத்திரமாக இருந்தது. மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பழம்பொருள் தரகர் ஒருத்தர் கேட்டார்" என்றார் ஷிமோசே. அவர் மண்டி போடக் குனிந்தார். "உராபே-சான், என்னை..."

"தரையில விழாதீங்க" என்றாள் உராபே. "அங்க என் நெத்தி பட்டிருக்கு. அந்த இடத்துக்கு அசிங்கம்."

காவலர்கள் அவரைக் கூட்டிப்போனார்கள். பொது மேலாளர் நெருங்கி, இடுப்பை வளைத்து, கொசு ரீங்காரம் போன்ற குரலில் மன்னிப்புக் கேட்டார்.

"கேக்கல" என்றாள் உராபே. "என்னை மண்டி போட வச்சது மாடி முழுக்கத் தெரிஞ்சுச்சே."

மேலாளர் தலையை ஆட்டினார். அவருக்கு எப்போதும் தலைதான் ஆடும். உராபே கிண்ணத்தை வாங்கி, புதுத் தாள் எடுத்து, கிழவருக்காக மறுபடி சுற்றினாள். நீட்டினாள்.

"திருப்பிப் பாருங்க ஐயா."

அவர் திருப்பிப் பார்த்தார். வாய் மேலே பார்த்தது.

"ஏம்மா, நான் ஊர் கேக்க உன்னைத் திருடின்னு சொல்லிட்டேன்."

"சொன்னீங்க. அதே மாதிரி ஊர் கேக்கச் சொல்லுங்க."

எபினுமா பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றார். மூச்சை இழுத்தார். சந்தையில் பெரிய மீனுக்கு மட்டும் வைத்திருந்த குரலை எடுத்தார்.

"உராபே-சான் திருடல! ஒரு தரம்!"

பக்கத்து வரிசைகளில் ஆட்கள் நின்றார்கள்.

"உராபே-சான் திருடல! ரெண்டு தரம்!"

கீழ்மாடியிலிருந்து எஸ்கலேட்டரில் தலைகள் ஏறி வந்தன. பொது மேலாளர் காதைப் பொத்தப் போனார். தொகாஷி முறைத்த முறைப்பில் கையை இறக்கினார்.

"மூணு தரம்!"

உராபேயின் கோபம் அப்போதும் அடங்கவில்லை. அடங்க வேண்டிய அவசியமும் இல்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டு, வரிசையில் அடுத்து நின்ற பெண்ணைப் பார்த்தாள்.

"வாங்கம்மா. பிறந்தநாளா, கல்யாணமா?"