பேட்டரி இல்லாமல் எழும்பிய மோட்டார்

காலை ஒன்பதரை. படகு மோட்டார் கடைக்குள் காவல் ஆய்வாளர் கால் வைத்தபோது, நான்கு பேர் ஒரு மோட்டாரைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ஆய்வாளர் அம்மாள் வந்தது குற்றம் பிடிக்க அல்ல, மோட்டார் வாங்க. காவல் நிலையத்துக்குப் புதிதாக ஒரு சின்னப் படகு வந்திருந்தது. ஏரியோ ஆழமில்லாத சேற்று ஏரி. கரை நெருங்கும்போதெல்லாம் படகின் பின்னால் தொங்கும் மோட்டாரை யாராவது குனிந்து தூக்கியாக வேண்டும். படகோட்டும் காவலருக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை முடிந்து அதிக நாள் ஆகவில்லை. பொத்தானை அழுத்தினால் தானே எழும்பும் மோட்டார் வாங்கலாம் என்று முடிவானது. எதை வாங்குவது என்பது ஆய்வாளர் தலையில் விழுந்தது. இந்தக் கடையைச் சொன்னவர் ஒரு மீன் பண்ணைக்காரர். "கண்ண மூடிக்கிட்டு வாங்குங்க மேடம். பேட்டரி செத்தாலும் வீடு வந்து சேரலாம். கடையிலயே குனிஞ்சு காட்டினாங்க. பாவம், டையெல்லாம் கிரீஸ் ஆயிடுச்சு" என்று சிரித்திருந்தார்.

"மோட்டார் பாக்க வந்தேன்" என்றார் ஆய்வாளர்.

சீருடையைக் கண்டதும் முதலாளி ஓடி வந்தார். "நல்ல நேரத்துல வந்தீங்க மேடம். வளையல் போச்சு."

அவருடைய அம்மா விட்டுப்போன இரண்டு தங்க வளையல்கள். அடுத்த வாரம் கல்யாணத்தன்று மகள் கையில் ஏற வேண்டியவை. தெருவில் திருட்டு நடந்ததிலிருந்து மனிதர் பீரோவையும் நம்பவில்லை, பூட்டையும் நம்பவில்லை. கயிறு வியாபாரத்திலிருந்து இந்தத் தொழிலுக்கு வந்தவர். மோட்டாரைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் விலை ஒன்றுதான். ஆனாலும் ஒரு யோசனை உதித்தது. பார்வைக்காகத் தாங்கியில் மாட்டியிருந்த மோட்டாரை, நேற்று மாலை எல்லோரும் போன பிறகு, பொத்தானை அழுத்தி உயர்த்தினார். படகைக் கவ்விப் பிடிக்கும் இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே உள்ள இடுக்கில் வளையல் பொட்டலத்தைச் செருகினார். மோட்டாரை இறக்கினார். இடுக்கு மறைந்துபோனது. பேட்டரியைக் கழற்றி வீட்டுக்கே எடுத்துப் போய்விட்டார்.

"பேட்டரி இல்லாம அது எழும்பாதுன்னு நெனச்சேன் மேடம். இதவிட நல்ல பெட்டகம் எங்க இருக்கு?"

அடக் கஷ்டமே என்று ஆய்வாளர் மனதுக்குள் சொல்லிக்கொண்டார். "காலையில என்ன ஆச்சு?"

"மனசு கேக்கல. வழக்கத்தவிட சீக்கிரமாவே வந்துட்டேன். பேட்டரிய மாட்டி அழுத்தினா சத்தம் மட்டும் வருது, மோட்டார் அசையல. மச்சான் அப்பதான் உள்ள வந்தான். குனிஞ்சு எதையோ முறுக்கினான். அப்புறம் எழும்பிச்சு. உள்ள ஒண்ணுமே இல்ல."

மச்சான் என்பவர் கடையின் மெக்கானிக். முதலாளி மனைவியின் தம்பி. நீல மேலங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"இங்க ஒரு ஸ்க்ரூ இருக்கு மேடம். பேட்டரி இல்லாட்டி இத லூஸ் பண்ணிட்டு மோட்டார கையாலயே தூக்கலாம். திரும்ப இறுக்கலேன்னா அப்புறம் பொத்தான அழுத்தினாலும் ஏறாது. யாரோ லூஸ் பண்ணிட்டு அப்படியே விட்டிருக்காங்க."

"இந்த ஸ்க்ரூ யாருக்கெல்லாம் தெரியும்?"

"இந்தக் கடையில எனக்கு மட்டும்தான், எனக்குத் தெரிஞ்சு."

உண்மையைத் தவிர வேறு பேசத் தெரியாதவர்கள் இப்படித்தான் தங்கள் தலையில் தாங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறார்கள்.

"கேட்டுக்குங்க மேடம், அவன் வாயாலயே சொல்லிட்டான்" என்றார் முதலாளி. "பின்கதவு சாவியும் அவன்கிட்டதான் இருக்கு."

முதலாளியின் மனைவி கணவர் முன்னால் வந்து நின்றார். "என் தம்பிய திருடன்னு சொல்லிட்டு, என் பக்கத்துல நின்னு பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணிடுவீங்களா?"

மெக்கானிக் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். "நான் வர்றேன் அத்தான். கல்யாணத்துக்கும் என்ன எதிர்பாக்காதீங்க." அக்கா மகளைத் தோளில் தூக்கி வளர்த்த மாமன் அவர். அதைச் சொல்லிக்காட்டவும் தெரியாத மாமன்.

"யாரும் எங்கயும் போகக் கூடாது" என்றார் ஆய்வாளர். "முதல்ல எனக்கு மோட்டார் காட்டுங்க."

"இப்பவா?" என்றார் முதலாளி.

"இப்பதான்."

ஆய்வாளருக்கு உள்ளுக்குள் குறுகுறுப்பு தாங்கவில்லை. ஒரு கடையில் யாருக்கு என்ன தெரியும் என்று அறிய, அங்கே எதையாவது வாங்குவதைவிடச் சுலபமான வழி கிடையாது.

நான்காவது ஆள், விற்பனையாளர், புன்னகையோடு நாற்காலியை இழுத்துப் போட்டார். வெளுத்த சட்டை, கச்சிதமான டை. அதன் நுனியில் மட்டும் சோப்புக்கு மசியாத ஒரு சாம்பல் கறை. வாசல் அருகே கொக்கியில் மற்றவர்களின் ஹெல்மெட்டுகள் தொங்க, இவருடையது மட்டும் மேசைமேல் இருந்தது.

"உங்க படகோட பின்பலகை எவ்வளவு உயரம் மேடம்?"

"என் முழங்காலுக்குக் கீழ. ஆழமில்லாத சேத்து ஏரி. குனிஞ்சு தூக்க எங்க காவலரால முடியாது."

"அப்ப குட்டைக் கால் மோட்டார் போதும். நீளக் கால் வாங்கினா உங்க ஏரியில உழுதுக்கிட்டே போகும்."

"ட்ரிம், டில்ட்னு ரெண்டு சொல்றாங்களே. ரெண்டும் ஒண்ணுதானா?"

"ஒரே பொத்தான், ரெண்டு வேல. ட்ரிம்ங்கறது ஓடும்போது. மோட்டார லேசா சாய்ச்சா படகோட மூக்கு ஏறும், இறங்கும். ஆளுங்க எங்க உக்காந்திருக்காங்களோ அதுக்கேத்த மாதிரி வச்சுக்கலாம். டில்ட்ங்கறது முழுசா தண்ணிக்கு வெளிய தூக்கறது."

"இந்த வசதியால எடை கூடுமே."

"கூடும், மறைக்கல. ஆனா அந்த எடைய உங்க காவலர் தூக்கப் போறதில்லயே. பொத்தான்தான தூக்கப் போகுது."

ஆய்வாளர் ரசித்தார். எந்தக் குறையைச் சொன்னாலும் அதற்குப் பதில் அவர் நாக்கு நுனியில் இருந்தது.

"நடு ஏரியில பேட்டரி செத்துப்போனா?"

விற்பனையாளர் டையைச் சரிசெய்துகொண்டார். "அந்த ஸ்க்ரூ விஷயம் எனக்கே இப்பதான் மேடம் தெரியும். இதுவரைக்கும், பேட்டரிய பத்திரமா பாத்துக்கங்கன்னுதான் சொல்லிட்டிருந்தேன்."

"ஓஹோ." ஆய்வாளர் படகின் வரைபடத்தை எடுத்தார். "இத விரிக்கணும். அந்த ஹெல்மெட்ட நகத்துங்க."

விற்பனையாளர் அதைக் கொக்கியில் மாட்டவில்லை. தரையிலும் வைக்கவில்லை. மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

ஆய்வாளர் முதலாளி பக்கம் திரும்பினார். "தினமும் காலையில கடைய யார் திறக்கறது?"

"இவர்தான்" என்று முதலாளி விற்பனையாளரைக் காட்டினார். "காலையில எங்க வீட்டுல சாவி வாங்கிட்டு வந்து திறப்பாரு."

"நேத்து நீங்க பொட்டலத்த ஒளிச்சப்ப முன்கதவு மூடியிருந்துச்சா?"

"பூட்டியிருந்தேன் மேடம்."

"கண்ணாடிக் கதவு. பூட்டினா ஆள் வர முடியாது. பாக்க முடியாதா?"

முதலாளி கதவைப் பார்த்தார். இத்தனை காலம் அது கண்ணாடி என்பதே அவருக்கு உறைக்கவில்லை போலும்.

"உங்க மச்சான் எடுத்திருந்தா ராத்திரி முழுக்க நேரம் இருந்துச்சு. ஸ்க்ரூவ இறுக்கிட்டு நிம்மதியா போயிருப்பாரு. அது லூஸா இருந்ததுன்னா, எடுத்தவருக்கு அவசரம். நீங்க திடீர்னு சீக்கிரம் வந்துட்டீங்க. வண்டி சத்தம் கேட்டிருக்கும். மோட்டார இறக்கத்தான் நேரம் இருந்துச்சு, இறுக்க நேரமில்ல."

"ஆனா அவருக்குத்தான் ஸ்க்ரூவே தெரியாதே மேடம்" என்றார் மெக்கானிக். தன் கழுத்தில் கத்தி இருக்கும்போதும் அடுத்தவனுக்கு நியாயம் பேசுகிற மனிதரைக் கண்டு ஆய்வாளருக்கு எரிச்சலும் வந்தது, பிரியமும் வந்தது.

"தெரியாதுன்னு சொன்னதுதான் தப்பு. எடை கூடும்னு ஒத்துக்கறவர், அதுக்கும் சமாதானம் வச்சிருக்கிறவர், வாங்கற எல்லாரும் கேக்கற பேட்டரி கேள்விக்கு மட்டும் இத்தன நாளா பதில் இல்லாமயா வித்தாரு? இந்தக் கடையில ஒருத்தர் குனிஞ்சு அந்த வித்தைய மீன் பண்ணைக்காரருக்குக் காட்டியிருக்காரு. காட்டினவர் டையில கிரீஸ் ஆயிடுச்சாம். மெக்கானிக் மேலங்கி போட்டிருக்காரு. முதலாளி கழுத்துல டையே இல்ல."

எல்லோருடைய கண்ணும் சாம்பல் கறைக்குப் போனது. விற்பனையாளரின் கை அதை மூடப் போனது. அந்த ஒரு நொடியில் ஆய்வாளர் அவர் மடியிலிருந்த ஹெல்மெட்டை எடுத்துவிட்டார். உட்பக்கத் துணிக்குக் கீழே சின்னதாக ஒரு பொட்டலம்.

"மறந்துபோன சாமான எடுக்க நேத்து திரும்பி வந்தேன்" என்றார் விற்பனையாளர் தலை குனிந்து. "கண்ணாடி வழியா பாத்துட்டேன். பாக்காம இருந்திருக்கலாம்."

"ட்ரிம், டில்ட் வித்தியாசத்த இவ்வளவு தெளிவா எனக்கு யாரும் சொன்னதில்ல" என்றார் ஆய்வாளர் உண்மையான வருத்தத்தோடு. பிறகு நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசி ஆளை வரச் சொன்னார்.

முதலாளி வளையல்களை மனைவியிடம் கொடுத்தார். மேசைமேல் சாவி அப்படியே கிடந்தது. அதை எடுத்து மெக்கானிக்கிடம் நீட்ட அவருக்குத் துணிவில்லை.

"மச்சான், அந்த ஸ்க்ரூவ எனக்கு ஒரு தடவ காட்டேன்" என்றார் கடைசியில்.

"இத்தன வருஷமா மோட்டார் விக்கிறீங்க அத்தான். என்ன ஒரு தடவ கேட்டிருந்தா காட்டியிருப்பேன்."

முதலாளி வெள்ளை வேட்டியோடு எண்ணெய்த் தரையில் மண்டி போட்டு, மோட்டாரின் பக்கத்தைத் தடவித் தேட ஆரம்பித்தார். தப்பான பக்கத்தில் தேடினார். அக்கா சாவியை எடுத்துத் தம்பியின் மேலங்கிப் பையில் போட்டார்.

மெக்கானிக் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அத்தானின் கையைப் பிடித்து ஸ்க்ரூவின்மேல் வைத்தார்.