முகப்பில் ஒரு முண்டம்

ட்ரிங்... ட்ரிங்...

சரவணம்பட்டி வெப்சைட் கம்பெனியில் அன்புக்கரசி அப்போதுதான் போண்டாவில் வாய் வைத்திருந்தாள். ஒரு கையால் போனை எடுத்தாள்.

"அம்மணி... என்ர தலைய வெட்டிப்போட்டாங்க."

போண்டா தொண்டையில் நின்றது!

குரல், வெள்ளகோவில் பாலுசாமியுடையது. கொங்கு மரபுக் காப்பு மன்றத்தின் தலைவர். மன்றத்துக்கு உறுப்பினர் சேர்க்கும் வெப்சைட்டை அவள்தான் வடிவமைத்திருந்தாள். இன்று பதினோரு மணிக்குப் பெருந்துறை மண்டபத்தில் திறப்பு விழா.

"ஐயா... நீங்க பேசிட்டுத்தானுங்களே இருக்கறீங்க?"

"நான் பேசறேன் அம்மணி. போட்டோ பேசுமா? மொதப் பக்கத்துல நான் கழுத்து வரைக்கும்தான் நிக்கறேன். வேட்டி இருக்குது, துண்டு இருக்குது. பக்கத்துல நிக்கற காளைக்குக்கூடத் தலை இருக்குது. எனக்கு இல்ல."

அவள் தன் போனில் முகப்பைத் திறந்தாள்.

தலை இருந்தது. மீசையோடு, சிரிப்போடு, ஜம்மென்று இருந்தது!

"எங்கிட்ட இருக்குதுங்களே ஐயா..."

"உங்கிட்ட இருந்து நான் என்ன பண்றது? மண்டபத்துக்கு வந்து சேரு."

டக். போன் செத்தது.

முதலாளி கதிர்வேல் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டான். அவளை ஏற்றிக்கொண்டு காரை அவிநாசி வரை விரட்டினான். அப்புறம் பேசினான். பேசாமலே இருந்திருக்கலாம்.

"ஏற்கனவே ரெண்டு கிளையண்ட் உன்னால ஓடியாச்சு அன்பு. இந்தாளும் போனா, திங்கக்கிழமை நீ ஆபீசுக்கு வர வேண்டாம்."

அவளுக்கு அழுகை முட்டியது. அந்த ஒரு பக்கத்தை எத்தனை முறை மாற்றியிருப்பாள்! இந்த வேலையும் போனால் ஊட்டுக்குப் போய் என்ன சொல்வாள்?

"யாரு யாரு என்னென்ன மாத்தச் சொன்னாங்க? ஒட்டுக்கா எல்லாத்தையும் சொல்லு," என்றான் கதிர்வேல்.

"தலைவர் லோகோவப் பெருசாக்கச் சொன்னாருங்க. அப்புறம் காளை வேணும்னாருங்க. அப்புறம் லோகோவ இன்னும் பெருசாக்கச் சொன்னாருங்க."

"துணைத் தலைவர்?"

"கோவிந்தராஜுலுங்களா... அவரு ஒரே ஒரு பட்டன் கேட்டாருங்க. 'விலகுகிறேன்'னு. மன்றத்த விட்டுப் போறவங்க மரியாதையாப் போவோணுமாம். திறப்பு விழாவுக்காக 'தொடங்குகிறேன்'னு ஒரு பட்டன் வெச்சோமில்லீங்க, அதுக்கு நேர் கீழயே, அதே கலர்ல, அதே சைஸ்ல."

"அமுக்கினா 'உறுதிதானா'ன்னு கேக்குமல்ல?"

"அதையும் எடுக்கச் சொல்லிட்டாருங்க. போறேன்னு சொன்ன மனுசனை ரெண்டாந்தடவ கேக்கறது மரியாதை இல்லையாம். அமுக்குன உடனே, அந்த ஆளு விலகிட்டாருன்னு அத்தன மெம்பருக்கும் செய்தி போயிரும்."

கதிர்வேல் ஹாரனை அடித்தான். முன்னால் வண்டியே இல்லை.

மண்டபம்.

முன்வரிசை முழுக்க வெள்ளை வேட்டிகள். மேடையில் பாலுசாமி. அவருக்குப் பக்கத்தில் கோவிந்தராஜுலு, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்.

"இந்தா அம்மணி. நீயே பாரு." பாலுசாமி போனை நீட்டினார்.

பார்த்தாள்.

உண்மையிலேயே முண்டம்தான். ஆனால் கொலைகாரன் யாரென்று அடுத்த நொடியே தெரிந்துவிட்டது.

எழுத்து!

அந்தப் போனில் எழுத்தின் அளவு உச்சத்தில் இருந்தது. 'கொங்கு' என்ற ஒரு சொல்லே திரை அகலத்தை அடைத்துக்கொண்டிருந்தது. மன்றத்தின் நீளப் பெயர் படிப்படியாக இறங்கி வந்து, தலைவரின் தலைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

தலைவருக்குக் கண் மங்கல். கண்ணாடி போட மாட்டேன் என்று வீம்பு. யாருக்கும் தெரியாமல் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறார்.

இதைச் சபையில் சொன்னால் மனிதர் மானம் போகும். சொல்லாவிட்டால் அவள் வேலை போகும்!

"என்ன அம்மணி, கண்டுபுடிச்சயா?"

"இதா பார்த்துட்டே இருக்கறனுங்க ஐயா..."

கோவிந்தராஜுலு மெல்ல எழுந்து வந்து அவளைத் தூண் பக்கம் கூப்பிட்டார்.

"அம்மணி, எதுக்கு இத்தன ரோசன பண்ணிட்டு நிக்கற? அந்தப் போன்ல எழுத்தச் சின்னது பண்ணிப்போட்டு விடு. தலை தானா வந்துரும்."

"செரிங்க."

நாலு அடி நடந்தாள். நின்றாள்.

எழுத்து பெரிதாக இருப்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லையே... இவருக்கு எப்படித் தெரியும்?

எழுத்தைக் குறைத்தால் தலைவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. தடவித்தான் அமுக்குவார். மேலே 'தொடங்குகிறேன்'. கீழே 'விலகுகிறேன்'. ஒரே கலர்... ஒரே சைஸ்... மறுகேள்வி கிடையாது. தலைவர் விலகினால், அந்த நாற்காலி துணைத் தலைவருக்கு!

அடப்பாவி மனுசா!

அன்புக்கரசிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்த ஆள் நாற்காலி பிடிக்க, தன் வேலையா காவு?

மைக்கில் அறிவிப்பு வந்தது. "தலைவர் இப்போது வெப்சைட்டைத் தொடங்கி வைப்பார்..."

அவள் மேடையேறினாள்.

"ஐயா, உங்க போன்ல டவர் சரியில்லீங்க. அதனாலதான் படம் பாதியா நிக்குது. துணைத் தலைவரய்யா போன்ல நல்லா இருக்குமுங்க. அதுலயே அமுக்கிருங்க."

கோவிந்தராஜுலு முகத்தில் மாப்பிள்ளைக் களை போய்விட்டது.

"என்ர போன்லயா? வேண்டாங்க... சார்ஜ் இல்லீங்க."

கதிர்வேல் எட்டிப் பார்த்தான். "எம்பது பர்சன்ட் இருக்குதுங்களே."

"அது... வெப்சைட் அதுல என்ர பேர்ல லாகின் ஆகியிருக்குதுங்க..."

"இருக்கட்டுமுங்க," என்றாள் அன்புக்கரசி. "தொடங்கறதுக்கு யாரு பேர்ல இருந்தா என்னங்க?"

சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? போனைக் கொடுத்தார்.

பாலுசாமி வாங்கினார். தூரப் பிடித்தார். கிட்டப் பிடித்தார். கட்டைவிரலை உயர்த்தினார்.

"தலைவரே, மேல... மேல..." கோவிந்தராஜுலு கெஞ்சினார்.

"தெரியுது இருங்க. பளிச்சுன்னு தெரியுது."

விரல் இறங்கியது.

டிங்! டிங்! டிங்! டிங்!

மண்டபத்தில் இருந்த அத்தனை போனும் ஒன்றாகக் கத்தின. முன்வரிசையில் ஒருவர் சத்தமாகவே படித்தார்.

"கோவிந்தராஜுலு அவர்கள் மன்றத்திலிருந்து விலகினார். அவருக்கு நன்றி."

கோவிந்தராஜுலு நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். உண்மையான முண்டத்துக்குக்கூட அவ்வளவு வியர்த்திருக்காது.

"அய்யோ, கை தவறிப்போச்சுங்களா?" என்று பாலுசாமி வருத்தப்பட்டார். "செரி உடுங்க. போறேன்னு சொன்ன மனுசனை ரெண்டாந்தடவ கேக்கறது மரியாதை இல்ல."

அன்புக்கரசி திடுக்கிட்டுத் திரும்பினாள்.

அவர் அவள் பக்கம் குனிந்தார்.

"எழுத்துதான் அம்மணி எனக்கு மங்கல். ஆளு நல்லாவே தெரியும். எது மேல, எது கீழன்னு காலைலயே என்ர போன்ல பெருசு பெருசாப் படிச்சுட்டேன். இவரு சூழ்ச்சி உனக்குப் புரியுமா புரியாதான்னுதான் பார்த்தேன். உன்ர மொதலாளிகிட்டச் சொல்லிப்போடு, வருசம் பூரா எங்க வெப்சைட்ட நீதான் பாத்துக்கோணும்."

அவளுக்கு உயிர் வந்தது. வேலை தப்பித்தது!

"ரொம்ப நன்றிங்க ஐயா. முகப்புல வேற ஏதாவது மாத்தோணுமுங்களா?"

பாலுசாமி முன்வரிசையில் உட்கார்ந்திருந்த செயற்குழுவை ஒரு முறை நிதானமாகப் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணு அம்மணி. அந்த 'விலகுகிறேன்' பட்டன இன்னுங் கொஞ்சம் பெருசாக்கிப்போடு!"