பொத்தான் போட்ட புனிதர்

பத்து வயதுப் பேர்ளிக்கு அந்தப் புனிதரைக் கண்டாலே சந்தேகம்.

பிரெஞ்சு நாட்டில், லா ஷப்பலில் அவர்கள் இருந்த ஒற்றை அறையில், மடுமாதா படத்துக்குப் பக்கத்தில் அவர் தொங்கினார். பழஞ்சாமான் சந்தையில் அப்பா வலன்ரைன் வாங்கி வந்த படம். தாடி இருந்தது. நெஞ்சில் வட்டப் பதக்கம் இருந்தது. அது போதாதா?

"யூதா ததேயு! ஒரு வழியும் இல்லாதவைக்கு இவர்தான் புனிதர்" என்று அப்பா ஆணியடித்துவிட்டார். விற்றவன் பிரெஞ்சில் ஏதோ சொன்னானாம். அப்பா ஒன்றும் விளங்காமலே "உய், உய்", ஓம் ஓம் என்று தலையாட்டினாராம்.

சின்னம்மா புஸ்பராணி அந்தப் படத்துக்கு முன்னால் ஒன்பது நாள் செபம் தொடங்கியிருந்தார். சின்னம்மாவின் கணவர் மடுத்தீன் மன்னாரில் மீன் பிடிப்பவர். கடலில் மீன்பிடிக்கப் போகிறவர்களை நேவி சுடுகிறது என்று கடைசியாக எழுதியிருந்தார். பிறகு இரண்டு மாதமாகக் கடிதமே இல்லை.

"சின்னம்மா, புனிதர் ஏன் பொத்தான் போட்டிருக்கிறார்? அதுவும் ரெண்டு வரிசை?"

"குளிருக்குப் போட்டிருப்பார். வாயை மூடிக்கொண்டு செபத்தைச் சொல்லு."

வெளுத்ததெல்லாம் பாலாகிவிடுமா? ஏழாம் நாள், சின்னம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தபோது, பேர்ளி கதிரையில் ஏறிப் படத்தைக் கழற்றித் திருப்பினாள். பின்னால் மங்கிய காகிதம். நிறையப் பிரெஞ்சு எழுத்து. அந்த வீட்டில் பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"என்ன பிள்ளை அது? செபமோ?" ஈரக் கையோடு சின்னம்மா ஓடிவந்தார்.

"ஓம்" என்று சொன்னால் சோலி முடிந்தது. ஆனால், இன்னும் இரண்டு நாள் சின்னம்மா ஏமாந்துபோய் முழந்தாளில் நிற்பதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது?

"செபம் இல்லை, சின்னம்மா. இவர் ஒரு கப்பல் தலைவர். பேர் ஒகுஸ்த் மொர்வான். 1821இலை பிறந்தவர். பதின்மூண்டு வயசிலை பிரெஞ்சுக் கடற்படையிலை சேர்ந்தவர்."

"நேவியோ!"

சின்னம்மாவின் முகம் கறுத்தது. "என்ரை மனுசனைக் காப்பாத்தச் சொல்லி நேவிக்காரனிட்டையோ கேட்டனான்? ஏழு நாள் மெழுகுதிரி வேறை! கொண்டா, குப்பையிலை போடுறன்!"

பேர்ளி படத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "முழுக்க வாசிக்க விடுங்கோ. பிறகு எறியுங்கோ."

"கெதியா வாசி. சோறு குழையுது."

பேர்ளி வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னாள். நாற்பது வயதில் அவருக்குப் பெரிய போர்க்கப்பல் ஒன்று கிடைத்தது. கரையோரக் கிராமம் ஒன்றைப் பீரங்கியால் சுடச் சொல்லிக் கட்டளை வந்தது. கரையில் வலை காய்கிறது, பிள்ளைகள் விளையாடுகிறார்கள், சுடமாட்டேன் என்றார். கப்பலைப் பறித்துக்கொண்டார்கள். அதன் பிறகு பதவி உயர்வே இல்லை. சாகும்வரை ஒரு துறைமுகத்தில் வெளிச்சவீட்டு விளக்கைப் பார்க்கும் வேலைதான்.

"சுடேல்லையோ?"

"சுடேல்லை."

"ஒரு வெடிகூட?"

"இஞ்சை எழுதியிருக்கு, சின்னம்மா."

"ஆர் எழுதினது?"

"அவரின்ரை மகள்."

"பாத்தியோ! மகள் தேப்பனைப் பற்றி வேறை என்னத்தை எழுதுவாள்?"

சொன்னாரே தவிர, படத்தைப் பிடுங்கவில்லை. கட்டிலில் பொத்தென்று இருந்தார். கண் நிறைந்துவிட்டது. "அப்ப என்ரை ஏழு நாளும் வீணோ, பிள்ளை?"

பேர்ளி பக்கத்தில் போய் இருந்தாள். "நீங்கள் ஆரிட்டைக் கேட்டனீங்கள்?"

"கடவுளிட்டைத்தான். இவரைச் சொல்லிவிடச் சொன்னனான்."

"அப்ப தபால்காரன்தானே பிழை? கடிதத்திலை விலாசம் சரிதானே!"

சின்னம்மா மூக்கைத் துடைத்தார். துடைத்த கையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

எட்டாம் நாள் செபம் மடுமாதாவுக்கு முன்னால் நடந்தது. கப்பல் தலைவர் கதவடிச் சுவருக்கு மாறியிருந்தார்.

"மாதாவுக்குப் பக்கத்திலை வேண்டாம். அங்கை நிக்கட்டும், என்ரை கண்ணுக்கு நேரை. நேவிக்காரனை நம்பேலாது" என்றார் சின்னம்மா.

செபமாலையை எடுத்தவர், படம் ஒரு பக்கம் சரிந்திருப்பதைக் கண்டார். எழுந்து போனார். ஒரு விரலால் அதை நேராக்கினார். பிறகு வந்து முழந்தாளிட்டு, சத்தமாகச் செபத்தைத் தொடங்கினார்.