மரியாதைக்கு ஒரு சரி

மாலை ஐந்து மணிக்குள் நாற்பதாவது ஆள் சம்மதித்தாக வேண்டும். இல்லாவிட்டால் நொய்யல் பல்கலைக்கழகத்தின் வலியை மறக்கடிக்கும் பட்டை பற்றிய ஆய்வுக்கு அனுமதி ரத்து. பேராசிரியர் மங்கையர்க்கரசி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதிய விதிகளால் எல்லோருக்கும் நிம்மதிதான். எவருமே படிக்காத முப்பத்திரண்டு பக்க ஒப்புதல் படிவம் ஒழிந்தது. இப்போது ஒரே ஒரு பக்கம். அதோடு வளாகத்தில் எல்லோர் மணிக்கட்டிலும் ஓர் இசைவுமானி. வாய் சொல்வதை நாடித்துடிப்பும் ஒத்துக்கொண்டால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. சிவப்பை மீறத் துணைவேந்தருக்கும் அதிகாரம் கிடையாது. இதை வடிவமைத்த புண்ணியவான்கள் கொங்கு நாட்டுப் பக்கம் வந்ததே இல்லை போலும். இங்கே பாதி "சரிங்க" மரியாதைக்குச் சொல்வது.

நாற்பதாவது ஆளாக எதிரே உட்கார்ந்திருந்த தறிக்கார வேலாத்தாள், வெள்ளிக்கிழமை ஆய்வுக்கு வர நான்காம் முறையாகச் சம்மதம் சொன்னாள்.

"சரிங்க."

சிவப்பு.

"அக்கா, எது புடிக்கலியோ தாராளமா சொல்லுங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

வேலாத்தாள் தயங்கினாள். "வெள்ளிக்கெழம தறிய நிறுத்த முடியாதுங்க. உங்க முகத்துக்கு நேரா எப்படீங்க சொல்றது?"

"திங்கக்கெழம?"

"அப்ப சரிங்க!"

பச்சை. மணி நாலு ஐம்பது. மங்கையர்க்கரசி நாற்பதாவது பெயரை எழுதிக்கொண்டாள்.

துணைவேந்தர் சிதம்பரநாதன் கைதட்டிக்கொண்டே உள்ளே வந்தார். "அருமைங்க! படிவத்துல கடைசி வரி ஒண்ணுதான் பாக்கி. ஆய்வு நடத்தறவங்களும் மனுசங்கதானாம், அவங்க இசைவும் வேணுமாம். நீங்கதான் நடத்தறீங்க, சரிங்களா?"

"சரிங்க ஐயா."

சிவப்பு.

கருவியைத் தட்டிவிட்டு மறுபடி சொன்னாள். சிவப்பேதான். பத்தொன்பது வருடமாகக் கொடுத்த வேலைக்கெல்லாம் இதே பதிலைத்தான் சொல்லி வந்திருக்கிறாள்.

"உங்களுக்கு இதுல விருப்பமில்லீங்களா?" என்றார் அவர்.

அவளுக்கே அது புதுச் செய்தியாக இருந்தது. "இல்லீங்க ஐயா. எனக்கு வேண்டாமுங்க. வகுப்பெடுத்தாப் போதுமுங்க."

பச்சை. தலைச்சுமையை இறக்கி வைத்தாற்போல் இருந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். காரணம் புரியாமலே வேலாத்தாளும் சிரித்தாள்.

"அதனாலென்னங்க," என்றார் துணைவேந்தர், பெருந்தன்மையாக. "எனக்கு ஒரு வருத்தமும் இல்லீங்க. சந்தோசமா வேற ஆளப் பாத்துக்கலாம்."

அவர் மணிக்கட்டில் சிவப்பு எரிந்தது. சட்டென்று கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.