திறவுத்துணை

என் வீட்டுக்காரர் சஞ்சித் காலையில் காருக்கு முன்னால் போய் நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். சுற்றுச்சுவர் ஓரமாக, தாமதமாக வந்த மாணவனைப் போல, அசையாமல் மூன்று மூச்சு நேரம் நிற்க வேண்டும். அவருடைய நடை, மூச்சு, முகத்தின் சூடு, நாடித் துடிப்பு எல்லாவற்றையும் கார் ஒப்பிட்டுப் பார்க்கும். திருப்தி என்றால் கதவு விடுபடும். "சனியனே, தெனமும் பாக்கறயல்ல" என்று ஒரு திட்டு திட்டிவிட்டு அவர் ஏறிக்கொள்வார். அந்தத் திட்டையும் சேர்த்துத்தான் கார் அவரை அடையாளம் வைத்திருக்கிறது என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

சாவி என்ற பொருளை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். ரிமோட் பொத்தானோடு கறுப்பாக, உள்ளங்கைக்குள் அடங்கும். வீட்டுக்குள் மாட்டியிருக்கும் சாவியின் சிக்னலைத் தெருவில் நின்றபடியே இழுத்துக் காரைத் திறக்கத் திருடர்கள் கற்றுக்கொண்டதும், அப்பா அதை பிஸ்கட் டின்னுக்குள் போட்டு மூடி வைக்க ஆரம்பித்தார். டின்னுக்குள் சிக்னல் போகாதாம். பிறகு கைரேகை வந்தது, அதை நகலெடுத்தார்கள். முகம் வந்தது, அதற்கு உறை செய்தார்கள். குரல், நடை, நாடி என்று ஒவ்வொன்றாக வந்து ஒவ்வொன்றாகப் போனது. கடைசியில் அரசாங்கம் ஒரு முடிவுக்கு வந்தது. நகலெடுக்க முடியாத சாவி ஒன்றுதான் மிச்சம்: நம்மை அறிந்த இன்னொரு மனிதர்.

அந்த மனிதருக்குத்தான் திறவுத்துணை என்று பெயர். பூட்டுக்கு ஐயம் வந்தால் அது நம் திறவுத்துணையைக் கூப்பிடும். நாற்பது விநாடி பேசலாம். பேசி முடிப்பதற்குள் அவர் 'ஆம்' அல்லது 'இல்லை' அழுத்த வேண்டும். பக்கத்தில் நூறு பேர் நின்று சாட்சி சொன்னாலும் செல்லாது. எனக்கு அவர், அவருக்கு நான். கல்யாணமான வருடமே பதிவு செய்துகொண்டோம்.

போன மாதம் மழையில் தொப்பலாக நனைந்து, தொண்டை கட்டி, காருக்கு வெளியே நின்றார். எனக்கு அழைப்பு வந்தது. "என்ன புடுங்கீட்டு இருக்கறே அங்க? தொற!" என்றார். நான்கே விநாடியில் 'ஆம்' அழுத்தினேன். எங்கள் தெருவில் அதற்குக் குறைவாக யாருக்கும் கிடையாது. சில பெண்கள் நகையைப் பற்றிப் பேசுவதுபோல் நான் அந்த நான்கு விநாடியைப் பற்றிப் பேசியிருக்கிறேன், ஒத்துக்கொள்கிறேன்.

அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நம் ஆளின் குரலிலேயே பேசும்படி திருடர்கள் செய்துவைத்திருக்கும் கள்ளக்குரலுக்கு நம்மைப் பற்றித் தெரியாதது எதுவுமில்லை. பிறந்தநாள், ரத்த வகை, ஓட்டலில் எதைத் தின்றோம், எதைத் தட்டில் ஒதுக்கினோம் என்பதுவரை எல்லாம் எங்கோ பதிவாகிறது, எல்லாம் விலைக்குக் கிடைக்கிறது. ஆகவே கேள்வி கேட்டு அதை மடக்க முடியாது. ஆனால் அது மனதை இளக்கி 'ஆம்' வாங்குவதற்காகச் செய்யப்பட்டது, அதனால் எப்போதும் இனிப்பாகத்தான் பேசும். திறவுத்துணைப் பயிற்சியில் முதல் பாடமே இதுதான்: நீங்கள் கேட்க ஆசைப்படுவதை ஒருவர் அப்படியே சொன்னால், அவர் உங்கள் ஆள் இல்லை.

அன்று வியாழக்கிழமை. ஈரோட்டில் எங்கள் பள்ளியின் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து ஒன்பதாம் வகுப்பு வேதியியல் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். அவர் காலையிலேயே கோயம்புத்தூருக்குப் போயிருந்தார். அவரோடு சோலார் மோட்டார் பழுது பார்க்கும் பிரணவ் அண்ணனின் மனைவி தன்யா அக்கா இறந்து பதினாறு நாள் ஆகியிருந்தது. இறந்தவரின் பூட்டுகளை அவருடைய திறவுத்துணை அங்குள்ள அலுவலகத்துக்கு நேரில் போய் மூடிக் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணன் தனியாகப் போக வேண்டாம் என்று இவர் துணைக்குப் போனார்.

பதினொன்றே முக்காலுக்குத் திறவு அழைப்பு வந்தது.

"மிதுலா... சாப்புட்டியா கண்ணு?"

நான் ஃபோனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தேன். கொங்குநாட்டில் தெருவில் போகிற பிள்ளையைக்கூடக் கண்ணு என்றுதான் கூப்பிடுவார்கள். இவர் என்னை இருபத்தொன்பது வருடத்தில் ஒருமுறைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை.

"யாரு பேசறது?" என்றேன்.

"நாந்தான். அங்க வெயில் சாஸ்தியா? தண்ணி நல்லாக் குடி."

'இல்லை' அழுத்தினேன். எதிரில் உட்கார்ந்திருந்த நூருன்னிசா டீச்சர் கைதட்டினாள். அவள் கைதட்டியதில் நியாயம் இருக்கிறது. போன வருடம் அவளுடைய தம்பியின் குரலில் ஒன்று, "அக்கா, உன்ன மாதிரி யாரு வருவா" என்று பேசியது. உருகிப்போய் 'ஆம்' அழுத்திவிட்டாள். தம்பி வீட்டில் கேஸ் அடுப்பைக்கூட விட்டு வைக்காமல் துடைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"கண்ணாமா கண்ணு!" என்று நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

ஐயம் எழுந்துவிட்டால் பத்து நிமிடத்துக்கு ஒன்றாக மூன்று அழைப்புகள்தான். அதுவரை இருவருக்கும் இடையே வேறு எந்த இணைப்பும் வேலை செய்யாது, திருடன் புகுந்துவிடுவானாம். மூன்றாவதும் 'இல்லை' என்றால் முடக்கம். கார் மட்டுமில்லை, வீடு, வங்கி, பட்டறை, பொதுக் கழிப்பறைக் கதவுகூட அந்த ஆளுக்குத் திறக்காது. விசாரணை முடிய மூன்று மாதம். அதோடு திறவுத்துணைப் பதிவும் நிரந்தரமாக ரத்தாகும். கூடவே வாழ்ந்தவளே தெரியாது என்று சொல்லிவிட்டாள் என்று பதிவேட்டில் இருக்கும். அப்படி எழுதப்பட்ட பிறகு ஒன்றாக இருந்த தம்பதிகள் யாரையும் நான் பார்த்ததில்லை.

இரண்டாவது அழைப்பு வந்தது.

"நீ இல்லைன்னு போட்டது சரிதாம் புள்ள. நான் அழுதுட்டேன், அதுதான் கார் என்னச் சேக்கல. அங்க ஆபீசுல பிரணவ் அண்ணங்கிட்ட ஒரு ஃபாரம் குடுத்தாங்க. உங்க சம்சாரத்த எத வெச்சு இத்தன வருசம் அடையாளங் கண்டீங்கன்னு எழுதோணும். அண்ணன் 'கத்துவா'ன்னு ஒரே ஒரு வார்த்த எழுதுனாரு. அதுக்கு மேல ஒண்ணும் வரல. நாப்பது வருசம், மிதுலா. பேனாவப் புடிச்சுட்டு அப்படியே உக்காந்திருந்தாரு. நானும் யோசிச்சுப் பாத்தேன்... உனக்கு நான் நல்லவனாவே இருந்ததில்ல, கண்ணு."

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்க நான் எத்தனை வருடம் காத்திருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். சமையலறையில் தனியாக நிற்கும்போது அவர் குரலில் நானே அதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் பயந்தேன். எனக்கு என்ன வேண்டும் என்று இவ்வளவு துல்லியமாகத் தெரிந்தவன் திருடனாகத்தான் இருக்க வேண்டும்.

'இல்லை' அழுத்திவிட்டேன்.

இந்த முறை நூருன்னிசா கைதட்டவில்லை. "டீச்சர், ஒருவேள நெஜமாவே உங்க வீட்டுக்காரரா இருந்தா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அவரு இப்படிப் பேச மாட்டாருங்க."

"எப்பவுமே பேசினதில்லையா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். ஒருமுறை பேசியிருக்கிறார். எட்டு வருடத்துக்கு முன்னால், என் அம்மா இறந்த மாதம். அன்று இவருக்குக் காய்ச்சல், கார் என்னைக் கூப்பிட்டது. "அழுதுட்டே இருக்காத மிதுலா, நான் இருக்கறேன்" என்று தணிந்த குரலில் சொன்னார். நான் தடுமாறி, முப்பத்தொரு விநாடி கழித்துத்தான் 'ஆம்' அழுத்தினேன். வீட்டுக்கு வந்ததும் என்ன செய்தேன்? ஆறுதல் சொன்ன மனிதரைக் கேலி செய்தேன். "முப்பத்தொண்ணுங்க! இன்னொருக்கா இப்படிக் கொஞ்சுனீங்கன்னா வெளியவே நிக்க வேண்டியதுதான்" என்றேன். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் கொஞ்சவேயில்லை.

அவர் அதட்டும்போதெல்லாம் கதவைத் திறந்துவிட்டவள் நான். ஒரே ஒருமுறை கனிந்தபோது காக்க வைத்தவளும் நான்தான். அவர் மட்டும் என்ன, என் கதவு கூப்பிட்டால் நானும் அவரிடம் அதே சலிப்போடு, அதே நான்கு வார்த்தைதான் பேசுவேன். பூட்டுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக நாங்கள் இரண்டு பேரும் ஒரு துளிகூட மாறாமல் இருந்திருக்கிறோம். ஊரே அப்படித்தான் இருக்கிறது. அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

மூன்றாவது அழைப்புக்கு நூருன்னிசா எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"மிதுலா" என்றது குரல். பின்னால் பேருந்து போகும் சத்தம் கேட்டது.

"ஏனுங்க, நீங்கதானுங்களா?"

"நாந்தான்."

"அப்படின்னா ஒரே ஒருக்கா திட்டுங்க. எப்பவும்போல. உடனே தொறந்துடறேன்."

அவர் மூச்சு வாங்குவது கேட்டது. திட்டிவிடப் போகிறார் என்று நினைத்தேன். திட்டிவிட வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன்.

"மாட்டேன் புள்ள. திட்டித்தான் உள்ள வரோணும்னா, நான் வெளியவே நின்னுக்கறேன்."

"முடக்கிருவாங்க!"

"தெரியும்."

பதினைந்து விநாடி மிச்சமிருந்தது. கேள்வியால் பயனில்லை என்று தெரிந்தும் வாயில் வந்ததைக் கேட்டேன்.

"எனக்குப் புடிக்காத காய் எது?"

ஒன்று, இரண்டு, மூன்று என்று விநாடிகள் குறைந்துகொண்டே வந்தன. கள்ளக்குரல் என்றால் கேட்ட மாத்திரத்தில் சொல்லியிருக்கும். முப்பது வருடத்து ஓட்டல் தட்டுகளில் நான் ஒதுக்கியது அதற்கு மனப்பாடம்.

"தெரியலையே, கண்ணு" என்றார். குரல் உடைந்துபோயிருந்தது. "நான் கேட்டதே இல்லையே. எது? சொல்லு, தெரிஞ்சுக்கறேன்."

தெரியாததுபோல் நடிக்கவும் நாளைக்கு ஒரு கள்ளக்குரல் கற்றுக்கொள்ளலாம். இன்றைக்கே கற்றிருக்கலாம். அதுவும் எனக்குத் தோன்றியது. திருடனாக இருந்தால் காரை எடுத்துக்கொண்டு போகட்டும், வீட்டையும் சேர்த்துத் துடைத்துக்கொண்டு போகட்டும் என்று 'ஆம்' அழுத்தினேன். பதில் சொல்வதற்குள் அழைப்பு முடிந்துவிட்டது. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, பள்ளிக்கூடம் என்றும் பார்க்காமல் அழுதேன்.

இணைப்புகள் எல்லாம் திரும்ப வந்த பிறகும் நான் அவரைக் கூப்பிடவில்லை, அவரும் கூப்பிடவில்லை. எனக்கு மீதி விடைத்தாள்கள் ஓடவில்லை. நாலரை மணிக்குக் கடைசி மணி அடித்து வெளியே வந்தபோது பள்ளி வாசலில் எங்கள் கார் நின்றிருந்தது. அவர் இறங்கி நின்றுகொண்டிருந்தார். கண்கள் வீங்கியிருந்தன. சட்டை கசங்கியிருந்தது. பிரணவ் அண்ணனை வீட்டில் விட்டுவிட்டு நேராக வந்திருக்கிறார். பள்ளிக்கு என்னை அழைத்துப்போக அவர் வருவது இதுதான் முதல்முறை என்பதால் வாட்ச்மேன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கான பக்கத்துக் கதவை அவரே திறந்து பிடித்தார். நான் உட்காரவில்லை. இரண்டு பேரும் கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றோம். பெண் பார்க்க வந்த நாளில்கூட இவ்வளவு கூச்சம் இருந்ததில்லை.

"எது, சொல்லு" என்றார்.

"எதுங்க?"

"அந்தக் காய்."

சொல்லலாமா வேண்டாமா என்று எனக்கு ஒரு கணம் தயக்கமாக இருந்தது.

"சொரக்காய்ங்க."

அவர் முகம் மெல்ல மாறியது. கல்யாணமான முதல் வாரத்திலிருந்து அவர் கேட்டுக் கேட்டுச் சாப்பிடுகிற காய் அது.

"வாரத்துல மூணு நாளு அதத்தானே செய்யச் சொல்லுவேன்?"

"ஆமாங்க."

"நீயும் கூட உக்காந்து தின்னயே!"

"ஆமாங்க" என்றேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவர் சிரிக்கவில்லை. கதவைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கதவு திறந்திருக்கிறது என்று கார் இரண்டு முறை சொன்னது. நாங்கள் கேட்டும் கேட்காததுபோல் நின்றிருந்தோம்.

"வேற என்னென்ன புடிக்காது?" என்று கேட்டார். "இப்பவே சொல்லு, ஒவ்வொண்ணாச் சொல்லு."