பன்னிரண்டாவது டிக்

மதியம் இரண்டு மணிக்கு, லாரியின் முதுகில் ஏறி வந்து பட்டறை வாசலில் இறங்கியது அந்தக் கார். வெயில் சுள்ளென்று அடித்தது. சாப்பிட்ட மயக்கம் எல்லார் கண்ணிலும் இருந்தது. பயப்படுகிற நேரமே இல்லை.

பளபளப்பில்லாத அடர்பச்சைப் பெயிண்ட். அகலமான பின்சக்கரங்கள், அவற்றை மூட உப்பிய மட்கார்டுகள், டிக்கி மேல் மேசைப் பலகை மாதிரி ஒரு ஸ்பாய்லர். காரை வாங்கியிருந்த மருந்துக்கடைக்காரர் அதைத் தொடுவதும் கையை எடுப்பதுமாக இருந்தார்.

"அழகெல்லாம் போதும். இழுவைதான் பத்தல. இன்னும் பெரிய டர்போவா போட்டுடலாம்ல?"

"போடலாம் சார். என்ன, மாத்திரை மாதிரி காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு போட முடியாது," என்றான் பைப். சைலன்சர் குழாய்களை வளைத்து வெல்டிங் செய்பவன் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர்.

பக்கத்தில் நின்றவன் சிரிக்கவில்லை. அவனைப் பட்டறையில் 'நோட்டு' என்பார்கள். காரின் மூளையான இ.சி.யு.வில் லேப்டாப்பைச் செருகி, எவ்வளவு காற்று, எவ்வளவு பெட்ரோல் என்று மாற்றி எழுதுவது அவன் வேலை. ஒவ்வொரு காருக்கும் நோட்டில் ஒரு பக்கம், பக்கத்துக்குப் பன்னிரண்டு வரி. வேலை முடிந்த வரிக்கு டிக். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம்.

"வண்டி எங்க சார் பிடிச்சீங்க?" என்று கேட்டான்.

"ஏலத்துல. முன்பக்கம் அடிபட்டுக் கிடந்துச்சு. வேற இன்ஜின் வச்சுப் புதுசாக்கிட்டாங்க. முன்னாடி வெள்ளையா இருந்துச்சாம்."

வெள்ளைக் கார் உலகத்தில் எத்தனையோ. நோட்டு தனக்குத்தானே அப்படிச் சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொள்ள வேண்டியிருந்ததே ஏன் என்று யோசிக்கவில்லை.

டைனோ அறைக்குச் சன்னல் கிடையாது. சத்தம் வெளியே போகாமல் இருக்கச் சுவரெல்லாம் பஞ்சு. தரையில் பதித்த இரண்டு இரும்பு உருளைகள் மேல் பின்சக்கரங்களை ஏற்றி, நான்கு பக்கமும் பட்டை போட்டு இறுக்கிவிட்டால், கார் நின்ற இடத்திலேயே ஓடும். அதன் பலம் திரையில் எண்ணாக வரும். காரை ஏற்றிக் கட்டிவிட்டு பைப் கதவைச் சாத்திக்கொண்டு போனான். நோட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, சாவியைப் பாதி திருப்பி, லேப்டாப்பைப் பக்கத்து இருக்கையில் வைத்துச் செருகினான்.

உள்ளே இருந்த புரோகிராமின் பெயர் திரையில் வந்தது.

அவன் பெயர். அவன் போட்ட தேதி.

அடியில் அவனே எழுதிய குறிப்பு: 'டிராக்‌ஷன் நிறுத்தியிருக்கு. டைனோவுக்கு மட்டும். மறக்காமல் திரும்பப் போடணும்.'

இது அக்காவின் கணவர் கார். மாமாவுடையது.

டிராக்‌ஷன் கண்ட்ரோல் என்பது, சக்கரம் வழுக்கினால் இன்ஜினை அடக்கிப் பிடிக்கிற ஏற்பாடு. டைனோவில் முன்சக்கரம் நிற்கும், பின்சக்கரம் மட்டும் சுற்றும். கார் அதை வழுக்கல் என்று நினைத்து இன்ஜினை அடக்கும். அதனால் டைனோவில் ஏற்றுமுன் அதை நிறுத்தியாக வேண்டும். இரண்டு வருடம் முன்பு நோட்டு அதைப் புரோகிராமிலேயே நிறுத்தினான். டேஷ்போர்டில் எரிந்த மஞ்சள் விளக்கையும், மாமாவுக்குப் பிடிக்காததால், சேர்த்தே அணைத்தான். அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. "உங்கக்கா வாசல்ல நிக்கிறா, விடுடா தம்பி," என்று மாமா அவசரப்பட்டார். நோட்டு பன்னிரண்டு வரிக்கும் ஒரே மூச்சில் டிக் போட்டு, சாவியைக் கொடுத்தான்.

பன்னிரண்டாவது வரி: டிராக்‌ஷன் திரும்பப் போட்டாச்சு.

போடவில்லை.

பாலத்து வளைவில், ஈரத்தில், டர்போ ஒரேயடியாகப் பிடித்துத் தள்ள, பின்பக்கம் சுழன்று கார் தூணில் மோதியது. மாமா அங்கேயே இறந்தார். நூற்றி நாற்பதில் போயிருப்பார் என்றார்கள். ஊர் வாய்க்குப் பூட்டு ஏது. அக்கா நம்பினாள். மாமாவின் சட்டைகளைக் கிழித்துத் தரை துடைக்கப் போட்டாள். "உங்கப்பனுக்கு நம்மளவிட ஆக்சிலேட்டர்தான் பெருசு," என்று ஐந்து வயது மகளிடம் சொன்னாள். அதே வீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்தபடி நோட்டு கேட்டுக்கொண்டிருந்தான். இரண்டு வருடமாக.

இப்போது அந்தப் புரோகிராமை அழித்துவிட்டால் போதும். டிராக்‌ஷனைப் போட்டு, புதிதாக எழுதி மூடினால், உலகத்தில் வேறு சாட்சி இல்லை.

அழித்தான். எழுதினான். சரிபார்க்கத் திறந்தான்.

டிராக்‌ஷன்: நிறுத்தம்.

மறுபடி எழுதினான்.

நிறுத்தம்.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. மழையில் நனைந்த சட்டை உடம்போடு காய்கிற வாடை. வெளியே வெயில், உள்ளே பெட்ரோலும் ரப்பரும் மட்டுமே மணக்க வேண்டிய அறை.

டிங். டிங். டிங்.

பக்கத்து இருக்கையில் ஆள் இருக்கிறார், பெல்ட் போடவில்லை என்று கார் எச்சரித்தது. லேப்டாப்பின் கனமாக இருக்கும் என்று அதை எடுத்து மடியில் வைத்தான்.

டிங். டிங். டிங்.

சத்தம் தாங்காமல், எட்டி, காலி இருக்கையின் பெல்ட்டை இழுத்து மாட்டினான். சத்தம் நின்றது.

பெல்ட் இருக்கையில் தொய்ந்து படியவில்லை. ஒரு மார்பின் அகலத்துக்கு முன்னால் நின்றது. மெதுவாக உயர்ந்தது. மெதுவாகத் தாழ்ந்தது.

கதவைத் திறக்கக் கை போகவில்லை.

மடியில் இருந்த திரையில் எண்கள் ஓடத் தொடங்கின. இன்ஜின் ஓடவில்லை, உருளையும் அசையவில்லை. திரையில் மட்டும் வேகம் நாற்பது. நாற்பத்தெட்டு. ஐம்பத்திரண்டு. அதற்கு மேல் ஏறவில்லை. அந்த வளைவில் அறுபது வரை போகலாம் என்று பலகையே இருக்கிறது.

அவன் முன்னால் ஸ்டீயரிங் தானாக இடப்பக்கம் வளைந்தது. பிறகு வலப்பக்கம் வெடுக்கென்று திரும்பியது. பின்பக்கம் சுழலும்போது அதைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறவர் திருப்புகிற மாதிரி. பிரேக், திரையில், முழுதாக அழுந்தியது.

எண்கள் எல்லாம் பூஜ்யமாயின.

பிறகு மறுபடி நாற்பது. நாற்பத்தெட்டு. ஐம்பத்திரண்டு.

எத்தனை முறை பார்த்தான் என்று அவனுக்கே கணக்கில்லை. போனை எடுத்து அக்காவை அழைத்தான்.

"என்னடா இந்த நேரத்துல? மெஷின்ல துணி இருக்கு, சீக்கிரம் சொல்லு."

"அக்கா. மாமா அன்னிக்கு வேகமாப் போகல."

தையல் மெஷின் சத்தம் நின்றது.

அவன் சொன்னான். நோட்டில் எழுதுவது போலவே, ஒன்று, இரண்டு என்று வரிசையாக, ஒரு வரியும் விடாமல் சொன்னான். மன்னிப்பு மட்டும் எந்த வரியில் வரும் என்று அவனுக்குத் தெரியவில்லை.

அக்கா குரலை உயர்த்தவில்லை.

"ரெண்டு வருஷமா என் கையால சோறு தின்னியேடா."

"அக்கா, நான்..."

"பேசாத." பிறகு, "உன்கூட யாரு?" என்றாள்.

"யாரும் இல்லக்கா."

"மூச்சு விடறது கேக்குது."

"என்னோடதுதான்."

"உன் மூச்சு எனக்குத் தெரியாதா? உன்னைத் தூக்கி வளத்தவ." அவள் குரல் உடைந்தது. "போனைப் பக்கத்துல குடு."

அவன் காலி இருக்கைப் பக்கம் போனை நீட்டினான். சில்லென்று ஏதோ கையில் பட்டது.

போனுக்குள் அக்காவின் குரல் சின்னதாகக் கேட்டது. "சொல்லுங்க," என்றாள். காத்திருந்தாள். "ம்." காத்திருந்தாள். "எனக்குத் தெரியாதுங்க. சட்டையெல்லாம் கிழிச்சுப் போட்டுட்டேனே." ஒரு பதிலுக்கு ஆகிற நேரம். "ம். அவ தூங்கறா. கதவுல கோடு போட்டுப் பாத்தேன், இப்ப உங்க இடுப்பு உயரத்துக்கு வந்துட்டா."

நோட்டுக்கு அந்தப் பக்கத்துப் பதில் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

அன்று மூன்றாவது முறை எழுதியபோது டிராக்‌ஷன் திரும்ப வந்தது, நிலைத்தது. பெரிய டர்போ தன்னால் முடியாது என்று மருந்துக்கடைக்காரரிடம் சொல்லிவிட்டான். "வேலை தெரியாதவன்லாம் கடை வச்சிருக்கான்," என்று திட்டிவிட்டு அவர் காரை வேறு பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனார். கார் தெருவைத் தாண்டியதும் நோட்டு பெருமூச்சு விட்டான். தொலைந்தது என்று நினைத்தான்.

அக்கா அதன்பின் அவனுக்குக் கதவு திறக்கவில்லை. சன்னல் வழியாக ஒரு நாள் மருமகளைப் பார்த்தான். அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அக்காவின் எண்ணிலிருந்து அழைப்பு வரும். எப்படி இருக்கே, சாப்பிட்டியா, எதுவும் கிடையாது. ஒரே சொல்.

"குடு."

எங்கே இருந்தாலும் பக்கத்தில் வைப்பான். பட்டறை ஸ்டூலில், ஓட்டல் பெஞ்சில், தலையணையில். ஒரு தடவை மட்டும், அவள் வைப்பதற்குள் போனைப் பிடுங்கி, "அக்கா, என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டான்.

"உன் பேச்சே எடுக்கல," என்று அக்கா வைத்துவிட்டாள்.

நேற்று ஆறு மணிக்கு அவன் பேருந்தில் இருந்தான். நிற்க இடமில்லாத கூட்டம். கம்பியில் தொங்கிக்கொண்டும், ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டும் ஆட்கள். சன்னலோரம் அவன், அவனுக்குப் பக்கத்தில் இடம் காலி. அந்த இருக்கையில் கிடந்த போனில் அக்கா ஏதோ மெல்லச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கால் வலிக்கிறது என்று சிணுங்கிய ஒரு சின்னப் பையன் அந்த இடத்துக்கு நழுவப் பார்த்தான். அவன் அம்மா தோளைப் பிடித்து இழுத்தாள்.

"கண்ணு தெரியலையாடா? ஆள் உக்காந்திருக்காருல்ல."